பள்ளிகொண்டாவில் நின்ற பென்ஸ்

சனிக்கிழமை, காலை 10.50. ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் போய்க்கொண்டிருந்த வெள்ளை பென்ஸ் பள்ளிகொண்டா கூட்டுரோட்டில் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. அது இன்பசேகரன் கைக்கு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

11.30-க்குச் சாலையோர மெக்கானிக் ஒருவர் பானெட்டுக்குள் கையைவிட்டுக் குடைந்தார். டீசல் பம்ப் செத்துவிட்டது என்றார். அதுவாவது பரவாயில்லை, அது இந்த வண்டியோடு வந்த பம்பே இல்லை, காயலான் கடைச் சரக்கு என்றும் சொன்னார்.

மதியம் 12.30. பள்ளிகொண்டா காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர் மீனாம்பாள் முன்னால் இன்பசேகரன் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவியின் தம்பி நெல்வின். வேலூர் லாங் பஜாரில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். செய்தி கேட்டதும் பைக்கில் பறந்து வந்திருந்தான்.

பள்ளிக்கூட குமாஸ்தா வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கியவருக்கு பென்ஸ் எதற்கு என்று மீனாம்பாளுக்குத் தோன்றாமல் இல்லை. இன்பசேகரனின் கணக்கு வேறு. புது இண்டிகா விலைக்கு 97-ம் வருஷத்து டீசல் பென்ஸ் கிடைத்தது. கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடலாம். சர்ச் வாசலில் பெண் பென்ஸிலிருந்து இறங்கினால் அந்த மதிப்பே தனி. ஆசைப்பட்டதில் தப்பில்லை.

விற்றவர் ஆம்பூரில் தோல் தொழிற்சாலை வைத்திருக்கும் லியாகத் அலி. புதன்கிழமை பணம் கொடுக்கும்முன் வண்டியைச் சோதித்தவர் மெக்கானிக் வாஹித் பாஷா. இந்தப் பக்கத்தில் பழைய டீசல் வண்டி வாங்குகிறவர்கள் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்கும்முன் வாஹித் பாஷாவைப் பார்ப்பார்கள். அவர் ‘எடுக்கலாம்’ என்றால் எடுப்பார்கள், உதட்டைப் பிதுக்கினால் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். அவருடைய சொத்து அந்த ஒரு சொல்தான்.

“அந்த ஆள்தான் மேடம்,” என்றான் நெல்வின். “புதன்கிழமை ரெண்டு மணி நேரம் தனியா வண்டியோட இருந்திருக்கான். நல்ல பம்ப கழட்டிட்டு குப்பைய மாட்டிட்டான். மாமா பாவம், அவன நம்பிட்டாரு.”

“புதன்கிழமைக்கு அப்புறம் வண்டி எங்க இருந்திச்சு?”

“லியாகத் பாய் ஷெட்டுலதான். பூட்டுப் போட்டு,” என்றார் இன்பசேகரன்.

மீனாம்பாள் வெளியே போய், கட்டி இழுத்துவந்து நிறுத்தியிருந்த வண்டியைச் சுற்றி வந்தாள். புத்தம்புது வெள்ளை சீட் கவர், மடிப்புக் கலையாமல் இருந்தது. கழற்றி வைத்திருந்த பம்பையும் அதன் குழாய் முடுக்கும் இடத்திலிருந்த நான்கு செப்பு வாஷர்களையும் அந்தச் சாலையோர மெக்கானிக்கிடமிருந்து வாங்கினாள். வாஷர்கள் சாமி விளக்கைப் புளிபோட்டுத் தேய்த்தது மாதிரிப் பளபளத்தன.

பிற்பகல் 3.10, ஆம்பூர். ஷெட்டுக்குப் பின்சுவரை ஒட்டித்தான் தோலின் முடியை நீக்கும் சுண்ணாம்புக் குழிகள். அந்த வாடை மூக்கைத் துளைத்தது. கதவில் தொங்கிய கரிய பூட்டை இரும்பு என்றே நினைத்தாள். நகத்தால் சுரண்டிய இடத்தில் பித்தளை மஞ்சளாக எட்டிப்பார்த்தது. லியாகத் அலி ஒரு வாரமாகச் சென்னையில் இருந்தார். அவர் மகன் ஃபைஸான் சாவியோடு நின்றான். அப்பா பென்ஸை விற்றதில் அவனுக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை, அதை மறைக்கவும் இல்லை.

“சாவி என்கிட்டதான் இருந்திச்சு. வாஹித் பாய விட்டா, வாங்கினவங்க ஆளுங்க தவிர வேற யாரும் வண்டியத் தொடல,” என்றான். வியாழக்கிழமை இரவு அவனே ஆசைக்கு ஒருமுறை உள்ளே போய் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்ததாகவும் ஒப்புக்கொண்டான்.

4.30. வாஹித் பாஷாவின் பட்டறையில் செய்தி அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. வழக்கமாக சனிக்கிழமை ஆறேழு வண்டி நிற்கும் இடம் காலியாகக் கிடந்தது. பாஷா குரலை உயர்த்தவில்லை.

“பம்ப கழட்டினா காப்பர் வாஷர் புதுசு போடணும் பாய், இல்லையா?” என்று மீனாம்பாள் கேட்டாள்.

“ஆமா மேடம். பழசப் போட்டா டீசல் ஒழுகும். யார் மாட்டினாலும் புதுசுதான்.”

அவரிடமே நான்கு புது வாஷர் வாங்கினாள். திரும்பும் வழியில் லியாகத் அலியின் ஷெட்டில் நின்ற அவர்களுடைய ஜீப்பின் பானெட்டுக்குள் அவற்றைக் கட்டித் தொங்கவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்ட ஃபைஸானைத் திங்கட்கிழமை காவல் நிலையத்துக்கு வரச் சொன்னாள்.

திங்கள், காலை 10.15. காவல் நிலையத்தில் நால்வரையும் உட்கார வைத்திருந்தாள். வாஹித் பாஷா சுவரோரமாக, யாரையும் பார்க்காமல் இருந்தார். மேஜைமேல் இரண்டு பொட்டலங்களைப் பிரித்தாள். ஒன்றில் பென்ஸிலிருந்து வந்த வாஷர்கள், இன்னும் பளபளப்பாக. மற்றதில் ஜீப்பில் தொங்கவிட்டவை. அவை புகைபிடித்த கரண்டிபோல் கறுத்திருந்தன.

“ஒன்றரை நாள்,” என்றாள். “நேத்து காலைல போய்ப் பாத்தப்பவே மங்கியிருந்திச்சு. சுண்ணாம்புக் குழியிலேர்ந்து வர்ற கந்தகக் காத்து செம்பையும் பித்தளையையும் கறுக்காம விடாது. பாஷா புதன்கிழமை மாட்டியிருந்தாலோ, ஃபைஸான் வியாழன் ராத்திரி மாட்டியிருந்தாலோ இது இப்படிப் பளபளன்னு இருக்காது. இந்த பம்ப மாட்டினப்புறம் வண்டி அந்த ஷெட்டுக்குள்ள ஒரு ராத்திரிகூட தங்கல. வெளியில வச்சு மாட்டியிருக்காங்க. வெளியில எப்ப போச்சு?”

மீனாம்பாள் இன்பசேகரன் பக்கம் திரும்பினாள்.

“சீட் கவர் எங்க தச்சது, இன்பசேகரன் சார்?”

அவருக்கு உடனே புரியவில்லை. நெல்வினின் அன்பளிப்பு என்று சொன்னார். வெள்ளிக்கிழமை மதியம் தொழிற்சாலையில் எல்லோரும் தொழுகைக்குக் கிளம்பும் நேரத்தில் அவன் வண்டியை வேலூருக்கு ஓட்டிப் போனான், மறுநாள் காலை தொழிற்சாலை வாசலிலேயே கொண்டுவந்து விட்டான். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

“இத ஏன் சனிக்கிழமையே சொல்லல?”

“அவன் என் மச்சான், மேடம். வீட்டுப் பையன் எடுத்துப்போனத யாராவது சொல்லிட்டு இருப்பாங்களா?”

“உங்க மச்சானும் அதத்தான் நம்பினாரு,” என்றாள் மீனாம்பாள். “வேலூர்க்காரருக்குத் தோல் ஷெட்டுக் காத்து தெரியாது. பளபளன்னு மாட்டினா வேலை சுத்தமா இருக்கும்னு நெனச்சிட்டாரு. இல்லையா நெல்வின்?”

நெல்வின் தரையைப் பார்த்தபடியே ஒப்புக்கொண்டான். இதே மாடல் வண்டியை வைத்துக்கொண்டு பம்ப் கிடைக்காமல் அல்லாடிய ஒரு சென்னை வாடிக்கையாளர் கேட்ட விலையைக் கொடுக்கத் தயாராக இருந்தாராம். பழைய பம்ப் ஒரு மாதமாவது ஓடும், அதற்குப்பின் யார் எதை நிரூபிப்பது என்று நினைத்தானாம். நல்ல பம்ப் கடையில் சாக்கில் சுற்றி அப்படியே இருந்தது. இன்பசேகரனுக்கு வண்டி போயிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவன் அக்கா ஜெயபுஷ்பத்திடம் இதை எந்த வாயால் சொல்வது என்று அவர் கேட்டது யாருக்கென்றே தெரியவில்லை.

செவ்வாய், மாலை 4.00. பாஷாவின் பட்டறையில் அந்த பம்ப் வண்டியோடு மறுபடி சேர்ந்தது. பாஷாமேல் விழுந்த பழிக்கு இன்பசேகரன் மன்னிப்புக் கேட்டார். பாஷா தலையை ஆட்டினாரே தவிர வேலையை நிறுத்தவில்லை. சாவியைத் திருப்பியதும் பென்ஸ் முதல் முயற்சியிலேயே பிடித்தது.

“வண்டிய தைரியமா எடுத்துக்கலாமா, பாய்?”

வாஹித் பாஷா கையைத் துணியில் துடைத்தார். “புதன்கிழமை ஒருக்கா சொன்னேன் சார். ஒரே வண்டிக்கு ரெண்டு தடவ சொல்ற வழக்கம் எனக்கில்ல.”

பிறகு, வாசலில் பழைய டீசல் வண்டியோடு காத்திருந்த குடியாத்தத்துக்காரரைப் பார்த்து, ஸ்டார்ட் பண்ணச் சொன்னார்.