ஓரத்தைப் பாருங்க!

அம்மாவுக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்துவிட்டது. அதைக் கொண்டாட வீட்டில் எல்லோரும் வெளியே சாப்பிடக் கிளம்பினார்கள். காரை அம்மாதான் ஓட்டினாள். பக்கத்து இருக்கையில் அப்பா, கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, பயமா இருக்கா?" என்று கேட்டாள் அம்மா.

"சேச்சே! எனக்கென்ன பயம்? கை சும்மா இருக்கேன்னு பிடிச்சிருக்கேன்."

பின்னால் சித்தியும் இரண்டு பிள்ளைகளும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

பிள்ளைகளில் மூத்தவளுக்கு வீட்டில் ஆமை என்று பெயர். அவள் ஒன்றும் மெதுவாக நடக்கிறவள் இல்லை. சாப்பிடுவதில்தான் அப்படி. தட்டில் எது வந்தாலும் முதலில் நன்றாகப் பார்ப்பாள். திருப்பிப் பார்ப்பாள். எப்படிச் செய்திருப்பார்கள் என்று யோசிப்பாள். அவள் முதல் வாய் வைப்பதற்குள் மற்றவர்கள் கை கழுவிவிட்டு வந்துவிடுவார்கள்.

அவளுடைய தம்பியின் பெயர் புயல். அவன் எதையும் பார்ப்பதே இல்லை. தட்டில் விழுவதற்கு முன்பே பாதி அவன் வாய்க்குள் போயிருக்கும்.

"நாம எந்தக் கடைக்குப் போறோம்?" என்று கேட்டான் புயல்.

"கடைத்தெருவுல புதுசா ஒரு தென் அமெரிக்கச் சாப்பாட்டுக் கடை வந்திருக்குல்ல, அங்கதான்," என்றாள் அம்மா. "பாவம், அதை நடத்துற தொப்பி அண்ணன் போன வாரம் என்கிட்ட வருத்தப்பட்டார். கூட்டமே வரலையாம். இந்த மாசமும் இப்படியே போனா கடையை மூடிட்டு ஊருக்கே திரும்பிடுவாங்களாம். நாம போனா ஒரு மேசையாவது நிறையும்."

தையல் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நின்றது அந்தக் கடை. மேசைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். மனைவி சமையல். அவருக்கு நம் மொழியில் 'வாங்க', 'சாப்பிடுங்க', 'நல்லாருக்கா' என்ற சொற்கள் மட்டும்தான் தெரியும். கணவர் எப்போதும் ஒரு துணித் தொப்பி போட்டிருப்பார். நம் மொழியில் பேசி வெளுத்துக்கட்டுவார், ஆனால் எழுதத் தெரியாது. அதனால் கடையில் உணவுப் பட்டியல் கிடையாது. என்னென்ன இருக்கிறது என்று அவரே மேசைக்கு வந்து பாட்டுப் போல ஒப்பிப்பார்.

அன்று தொப்பி அண்ணன் ஒப்பிக்கவில்லை. அவருடைய ஒரு கன்னம் பந்து போல வீங்கியிருந்தது. தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்.

"ஐயோ, என்னாச்சு?" என்றார் அப்பா.

தொப்பி அண்ணன் தன் பல்லைத் தொட்டுக் காட்டினார். பிறகு கையால் எதையோ பிடுங்குவது போல இழுத்தார்.

"பல்லைப் பிடுங்கிட்டாங்களா?"

அவர் சோகமாகத் தலையாட்டினார். வாய் நிறையப் பஞ்சு. "ம்ம்" என்பதைத் தவிர வேறு ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, ஊற்று ஊற்று என்று ஊற்றியது. குடையில்லாமல் தெருவில் போனவர்கள் எல்லாம் கண்ணில் பட்ட கதவைத் திறந்து உள்ளே ஓடிவந்தார்கள். அலுவலகத்திலிருந்து ஒரு கூட்டம், கல்லூரிப் பிள்ளைகள், பெரிய மீசை வைத்த ஒரு மாமாவும் அவருடைய நண்பர்களும். கண்மூடித் திறப்பதற்குள் கடை நிரம்பிவிட்டது.

சமையலறைக்கும் கடைக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாகச் சமையல்கார அக்கா எட்டிப் பார்த்தார். அவருடைய முகம் அப்படியே மலர்ந்துபோனது. இந்தக் கடை நிரம்பி அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. உடனே மாவை எடுத்து வட்டமாகத் தட்டினார், மடித்தார், ஓரத்தில் விரல்களை ஓட்டினார். ஆமை அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு வேகம்!

யார் எது கேட்டாலும் தொப்பி அண்ணனால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் அவர் ஒரு வேலை செய்தார். எல்லா வகையையும் கலந்து, மேசைக்கு ஒரு கூடை என்று கொண்டுவந்து வைத்துவிட்டார்.

கூடையில் அரை நிலா வடிவத்தில், பொன்னிறமாகச் சுட்ட பலகாரங்கள். அதற்கு எம்பனாடா என்று பெயர். உள்ளே எதையோ வைத்து மூடியிருந்தார்கள். வாசனை மூக்கைத் துளைத்தது.

புயல் ஒன்றை எடுத்தான். அது காணாமல் போனது.

"டேய், உள்ள என்னடா இருந்துச்சு?" என்று கேட்டாள் சித்தி.

"தெரியல சித்தி. நல்லா இருந்துச்சு."

சித்தி சைவம். கறியை வாயருகேகூடக் கொண்டுபோகமாட்டாள். அவள் ஒரு எம்பனாடாவை விரல் நுனியால் பிய்த்துப் பார்த்தாள். கறி. தள்ளிவைத்தாள். இன்னொன்றைப் பிய்த்தாள். அதுவும் கறி. மூன்றாவதில் சீஸ் இருந்தது. ஆனால் கறியைத் தொட்ட கையாலேயே அதையும் பிய்த்துவிட்டோமே என்று, எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

எல்லா மேசைகளிலும் இதே கூத்துதான்.

"நான் கறி சாப்பிடலாம்னு பாத்தா கீரை வருது!"

"எனக்குக் கீரை வேணும்னா கறி வருது!"

ஒவ்வொருவரும் பிய்த்துப் பார்ப்பதும் ஒதுக்குவதுமாக, தட்டுகளில் கிழிந்த எம்பனாடாக்கள் குவிந்தன.

சமையல்கார அக்கா சுடச்சுட இன்னொரு கூடையுடன் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். தட்டுகளைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. ஆசை ஆசையாக வரைந்த படத்தை யாரோ கிழித்துப் போட்டது போல அவர் முகம் வாடியது.

அவர் ஒரு முழு எம்பனாடாவை எடுத்து உயர்த்திப் பிடித்தார். அதன் ஓரத்தில் விரலை ஓட்டிக் காட்டினார். தன் மொழியில் ஏதோ சொன்னார். யாருக்கும் புரியவில்லை என்று தெரிந்ததும் மறுபடியும் விரலை ஓட்டி, இன்னும் மெதுவாகச் சொன்னார்.

"ஓரத்துல இருந்து கடிக்கணுமாம்," என்றார் அப்பா.

"இல்லைங்க, கையைக் கழுவச் சொல்றாங்க," என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"எல்லாரும் வட்டமா உட்காரணுமாம்!" என்றான் புயல்.

தொப்பி அண்ணன் ஓடிவந்து, "ம்ம்! ம்ம்ம்!" என்று இரண்டு கையையும் ஆட்டினார். அதுவும் யாருக்கும் விளங்கவில்லை.

"அட, மழை விடட்டும்பா," என்றார் மீசை மாமா தன் நண்பர்களிடம். "விட்டதும் கிளம்பிடலாம். எதுக்குள்ள என்ன இருக்குன்னே தெரியாம எப்படிச் சாப்பிடுறது?"

வெளியே மழையும் கொஞ்சம் குறைந்திருந்தது. நிறையப் பேர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமையல்கார அக்கா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். போகும்போது ஏப்ரனின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை ஆமை பார்த்துவிட்டாள்.

"இன்னுமா நீ சாப்பிடல?" என்றாள் அம்மா.

ஆமையின் கையில் அவளுடைய முதல் எம்பனாடா அப்படியே இருந்தது. அவள் அதன் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாவை மடித்து மடித்து, அம்மா அவளுக்குத் தலை பின்னிவிடுவது போலப் பின்னியிருந்தது. சித்தி கிழித்துப் போட்ட துண்டுகளைப் பக்கத்தில் இழுத்தாள். கறி இருந்த இரண்டிலும் இதே பின்னல்! சீஸ் இருந்ததில் பின்னல் இல்லை, ஓரம் அலை அலையாக வளைந்திருந்தது.

ஆமை எழுந்து பக்கத்து மேசைக்குப் போனாள்.

"மாமா, நீங்க பிய்ச்சுப் போட்டதைக் கொஞ்சம் பாக்கலாமா?"

"பாரும்மா. எல்லாம் கீரை," என்றார் பக்கத்து மேசைக்காரர்.

கீரை இருந்தவற்றின் ஓரத்தில் முள்கரண்டியால் அழுத்தியது போலக் கோடு கோடாக இருந்தது. ஒன்றில் அல்ல, எல்லாவற்றிலும்.

ஆமை தன் மேசைக்கு ஓடிவந்து, கூடையிலிருந்து ஒன்றை எடுத்து, கை கழுவிவிட்டு வந்திருந்த சித்தியிடம் நீட்டினாள். "சித்தி! இதுல கீரை இருக்கு, சாப்பிடுங்க!"

"ஏய், அதைப் பிய்க்கவே இல்லையே! நீ என்ன எக்ஸ்ரே மிஷினா?"

"நம்புங்க சித்தி."

சித்தி பயந்து பயந்து பிய்த்தாள். பச்சைப் பசேலென்று கீரை! வாயில் போட்டாள். அவள் கண் அகல விரிந்தது.

"அந்த அக்கா கையைக் கழுவச் சொல்லல!" என்றாள் ஆமை. அவளுடைய குரல் கடை முழுக்கக் கேட்டது. "உள்ள என்ன இருக்குன்னு ஓரத்துலயே எழுதாம எழுதி வச்சிருக்காங்க. அதைத்தான் காட்டினாங்க!"

மீசை மாமா திரும்பிப் பார்த்தார். "அப்படியா? அப்ப இதைச் சொல்லு பாப்போம்." கூடையிலிருந்து ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"சீஸ்."

பிய்த்தார். சீஸ் நூல் நூலாக இழுத்தது.

"இது?"

"கறி."

கறியேதான். கல்லூரிப் பிள்ளைகள் 'ஓ' என்று கத்தினார்கள். எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

மீசை மாமா விடுவதாக இல்லை. கூடையின் அடியில் துழாவி இன்னொன்றை எடுத்தார். "இப்ப சொல்லு!"

ஆமை பார்த்தாள். பின்னலும் இல்லை, அலையும் இல்லை, கோடும் இல்லை. இதன் இரண்டு முனைகளும் வளைந்து வந்து கைகோத்துக்கொண்டிருந்தன. இப்படி ஒன்றை அவள் இதுவரை பார்க்கவில்லை.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தெரியல," என்றாள் ஆமை.

"பாத்தீங்களா? இவ்வளவு நேரம் ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்!" என்று சிரித்தார் மீசை மாமா. ஒருவர் எழுந்து கதவுப் பக்கம் போய் மழையைப் பார்த்தார்.

"தெரியலன்னுதான் சொன்னேன். கேட்டுட்டு வரேன், கொஞ்சம் இருங்க," என்று சொல்லி, அந்த எம்பனாடாவை வாங்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனாள் ஆமை.

சமையல்கார அக்கா சுவரைப் பார்த்து நின்றிருந்தார். ஆமை அவருடைய ஏப்ரனை மெல்ல இழுத்தாள். எம்பனாடாவை நீட்டி, அதன் ஓரத்தில் விரலை ஓட்டினாள், அவர் ஓட்டிய அதே மாதிரி.

அக்கா குனிந்து அவளைப் பார்த்தார். புரிந்துகொண்ட ஒரு ஆள் கிடைத்துவிட்டாள்! அவர் தலையை ஆட்டிய வேகத்தில் காதுத் தோடுகள் குதித்தன.

ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிக் கேட்பது? ஆமை யோசித்தாள். தலையில் இரண்டு விரலைக் கொம்பாக வைத்து, "மே...?" என்றாள்.

அக்கா இல்லை என்று தலையசைத்தார். பிறகு இரண்டு கையையும் இறக்கை போல மடக்கி அடித்துக்கொண்டே, "கொக்! கொக்! கொக் கொக் கொக்!" என்று சமையலறையைச் சுற்றி வந்தார்.

நடுவில் இருந்த ஜன்னல் திறந்துதான் இருந்தது. கடை முழுவதும் அதைப் பார்த்தது. சிரிப்பு வெடித்தது. தொப்பி அண்ணனுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு துள்ளினார்.

ஆமை வெளியே வந்து எம்பனாடாவை மீசை மாமாவிடம் கொடுத்தாள். "கோழி."

அவர் பிய்த்தார். கோழி! மீசை மாமா எழுந்து நின்று கைதட்டினார். "தோத்துட்டேன் தாயே! நீதான் கெட்டிக்காரி."

ஆமை நாற்காலி மேல் ஏறினாள். அப்பா ஓடிவந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் ஓரத்தைப் பாருங்க! தலைப்பின்னல் மாதிரி இருந்தா கறி. கோடு கோடா இருந்தா கீரை. அலை அலையா இருந்தா சீஸ். ரெண்டு முனையும் கைகோத்திருந்தா கோழி. இனிமே யாரும் பிய்க்க வேண்டாம்!"

அதற்குப் பிறகு கடை கடையாகவே இல்லை, திருவிழாதான். எல்லோரும் கூடையில் தேடி, ஓரத்தைப் பார்த்து, பக்கத்து மேசையோடு மாற்றிக்கொண்டார்கள்.

"ஒரு அலை குடுத்தா ரெண்டு கோடு தரேன்!"

"அக்கா, இங்க இன்னும் நாலு பின்னல்!"

சமையல்கார அக்கா ஜன்னலில் தலையை நீட்டி, "பின்னல்!" என்று திருப்பிச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் "அலை!", "கோடு!" என்று அவரே குரல் கொடுத்துக் கூடைகளை அனுப்பினார். கோழிக்கு மட்டும் பெயர் சொல்லவில்லை, இறக்கையை அடித்துக் காட்டினார். ஒவ்வொரு தடவையும் கடை சிரித்தது.

சித்தி எவ்வளவு சாப்பிட்டாள் என்று கேட்டால் அவள் அடிப்பாள். அதனால் அதை விட்டுவிடுவோம்.

"ஏங்க, மழை நின்னுடுச்சு போல இருக்கே," என்றாள் அம்மா.

ஆமாம், மழை எப்போதோ நின்றிருந்தது. ஆனால் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. வெளியே போய்க்கொண்டிருந்தவர்கள்தான், உள்ளே என்ன இவ்வளவு கலகலப்பு என்று கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார்கள். இடம் கிடைக்கட்டும் என்று வாசலில் காத்துநின்றார்கள். மீசை மாமா தொப்பி அண்ணனின் தோளைத் தட்டி, "நாளைக்கும் இந்த மேசை எங்களுக்குத்தான். ஆபீசையே கூட்டிட்டு வரேன்," என்றார்.

தொப்பி அண்ணன், "ம்ம்! ம்ம்!" என்றார். இந்த முறை அது எல்லோருக்கும் புரிந்தது.

கடைசியில் சமையல்கார அக்காவே ஒரு சின்னத் தட்டை ஏந்திக்கொண்டு ஆமையிடம் வந்தார். தட்டில் ஒரே ஒரு எம்பனாடா. அதன் ஓரம் பின்னலும் இல்லை, அலையும் இல்லை. உருண்டையான முதுகு, நான்கு குட்டிக் கால்கள், நீட்டிய ஒரு தலை.

"ஆமை!" என்று கத்தினான் புயல். "அக்கா, உன்னை மாதிரியே செஞ்சிருக்காங்க!"

சாயங்காலம் முழுக்க வீட்டார் அவளை "ஆமை, ஆமை" என்று கூப்பிட்டது தொப்பி அண்ணன் காதில் விழாமலா இருக்கும்? அவர்தான் மாவு உருண்டையில் நான்கு குட்டிக் கால்களை ஒட்டிக் காட்டி மனைவிக்குப் புரியவைத்திருக்கிறார்.

கடையே திரும்பிப் பார்த்தது.

"இதுல என்ன இருக்கு, சொல்லு பாப்போம்!" என்றார் மீசை மாமா.

"தெரியாது!" என்று சிரித்தாள் ஆமை. திருப்பிப் பார்க்கவில்லை. யோசிக்கவில்லை. எடுத்தாள், ஒரே கடி. உள்ளே பாலைச் சுண்டக் காய்ச்சிய இனிப்பு, சூடாக நாக்கில் வழிந்தது. அடுத்த கடியில் கால்கள் போயின, அதற்கடுத்த கடியில் முதுகும் போய்க்கொண்டிருந்தது.

புயல் பதறிப்போய் எழுந்தான்.

"அக்கா, மெதுவா! மெதுவா சாப்பிடுக்கா! எனக்குத் தலையையாவது வை!"