ஐஸ் தொடாத மனிதர்

"பாஸ்..!"

சிங்கப்பூர், ஜாலான் புசார் கடைவீட்டின் மாடியிலிருந்து வந்த அந்த அலறலில், கீழே பீர் ருசிக்கும் வகுப்புக்கு வந்திருந்தவர்கள் கிளாஸ்களை அப்படியே வைத்தார்கள்.

பார் முதலாளி இராஜரத்தினம் அலுவலக மேஜையில் கவிழ்ந்து கிடந்தார். வாயோரம் நுரை... பீர் நுரை அல்ல!

அலறியவள் இளமதி. அவருக்கு பீர் ஊற்றிக் கொண்டுவந்தவளும் அவள்தான்.

இன்ஸ்பெக்டர் சாயிரா பானு வந்து சேர்வதற்குள், பாரின் கூட்டாளி கீதன் தீர்ப்பே எழுதி முடித்திருந்தார்.

"விஷம் மேடம். இவதான் ஊத்தினா. இவதான் கொண்டுவந்தா. வேற யாரு?"

"நான் எதுவும் கலக்கல மேடம்!" இளமதி முன்னால் வந்தாள். "அதே பேரல்தான்... கீழ எல்லாரும் குடிச்சாங்க."

"கிளாஸ்ல கலந்திருப்பே லா!"

பட்டுக்கோட்டையிலிருந்து ஒர்க் பர்மிட்டில் வந்தவள். இன்று விலங்கு மாட்டினால், தூக்குமேடை வரை ஏனென்று கேட்க ஆளில்லை.

"நான் குடிக்கிறதில்லம்மா," என்றார் சாயிரா பானு. "எப்படி ஊத்துனேன்னு சொல்லு."

"பேரல் எப்பவும் குளிர் ரூம்ல இருக்கணும் மேடம். கிளாஸ்ல துளி எண்ணெய்ப்பசை இருக்கக் கூடாது. பச்சத் தண்ணில அலசி, சாய்ச்சுப் பிடிச்சு ஊத்தி... மேல ரெண்டு விரல் நுரை. கொறஞ்சா பாஸ் கிளாஸ மூஞ்சிலயே..."

சட்டென்று நிறுத்தினாள்.

"அதே மாதிரி ஒண்ணு ஊத்திட்டு வா."

வந்தது. இன்ஸ்பெக்டர் இரண்டு கிளாஸையும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

புதியது தேன் நிறம். செத்தவருடையது கழுநீர் நிறம்!

"தண்ணி சேர்ந்திருக்கே... ஐஸ் போட்டுக் குடிப்பாரா?"

கீதன் நெஞ்சில் கை வைத்தார். "ஐஸா? அவர் பீர் அறிஞர் மேடம்! போன மாசம் ஐஸ் கேட்ட கஸ்டமரை ரோடு வரைக்கும் துரத்தினார்!"

மூலையில் ஒரு குட்டி ஃப்ரிட்ஜ். சாயிரா பானு திறந்தார்.

உள்ளே... பாதி காலியான ஐஸ் தட்டு!

பீர் அறிஞர், கதவைச் சாத்திக்கொண்டு, காப்பிக்கடையில் பீர் வாங்கும் சாதாரண அங்கிள் மாதிரி ஐஸ் போட்டுத்தான் குடித்திருக்கிறார்.

தட்டோடு கீழே போன இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். ஒரு கையில் ஐஸ் தட்டு. மறு கையில் பீர்.

'டிங்!' ஒரு கட்டி விழுந்தது.

"குடிங்க மிஸ்டர் கீதன்."

"பீர்ல ஐஸா? என் கொள்கை என்னாவறது!"

"அய்யோ, சாரி." எலுமிச்சை ஜூஸ் வந்தது. அதிலும் அந்தத் தட்டிலிருந்தே ஒரு கட்டி... 'டிங்!' "ஜூஸ்ல கொள்கை ஒண்ணும் இல்லியே லா?"

கீதன் கிளாஸை எடுத்தார். உதடு வரை கொண்டுபோனார்.

நின்றது.

கிளாஸை வெடுக்கென்று விலக்கியதில், பாதி ஜூஸ் சட்டையில் கொட்டியது.

"முடியாது, அந்த ஐஸ்ல விஷம்!" கீதன் கத்தினார். "நான் காய்ச்சின பீரை, வகுப்பே பாக்க சிங்க்ல ஊத்தினான் மேடம்! கதவைச் சாத்திட்டு ஐஸ் போட்டுக் குடிக்கிறவன்... என் பீரை!"

விலங்கு கீதனின் கைக்குப் போனது. இளமதி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

வாசலில் கீதன் திரும்பினார்.

"விஷ ஐஸ்னு தெரிஞ்சேவா என்னைக் குடிக்கச் சொன்னீங்க?"

"அந்தத் தட்டு லேபுக்குப் போயிடுச்சு. இது பக்கத்து காப்பிக்கடை ஐஸ்."

சாயிரா பானு மீதி ஜூஸை ஒரே மடக்கில் குடித்தார்.

"நல்லா ஜில்லுன்னு இருக்கு மிஸ்டர் கீதன்... எனக்குக் கொள்கை ஒண்ணும் இல்ல லா!"