அழுத்தாத பொத்தான்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவளுக்கு வார விடுமுறை என்று கிடைப்பது அரை நாள்தான். அன்று மதியம் வீட்டுக்கு வந்தவள் செருப்பை உதறிவிட்டு, முகம்கூடக் கழுவாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். வில்லாளிகளும் டிராகன்களுமாகப் படை நடத்தும் அந்தப் பழைய விளையாட்டை அவள் கரைத்துக் குடித்திருந்தாள். கம்பெனி போட்ட சுற்றுகளெல்லாம் முடிந்துபோய், ரசிகர்கள் தாங்களே செய்து இணையத்தில் போடும் போர்களைத் தேடித் தேடி ஆடிக்கொண்டிருந்தாள்.

அன்று இறக்கிய போருக்குச் செய்தவர் பெயரே இல்லை. குறிப்பு மட்டும் ஒரு வரி இருந்தது: 'பாதியில் அணைத்தால் தோற்றதாக அர்த்தம்.' பெரிய ஆள்தான் என்று முணுமுணுத்தபடி தொடங்கினாள்.

இந்த விளையாட்டில் வீரர்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். தெரிந்தவர்கள் பெயரை வைத்துத் தொலைக்காத ஆட்டக்காரர் யாரும் இல்லை. காலையில் காய்ச்சி எடுத்த கடை முதலாளியை அவள் ஈட்டியோடு முன்வரிசையில் நிறுத்தினாள். கணவனைக் குதிரையில் ஏற்றினாள். லிஃப்ட் மெக்கானிக்கான தம்பியை, வீட்டில் கூப்பிடுகிற 'வால்' என்ற பெயரிலேயே வில்லாளியாக்கிக் கடைசி வரிசையில் பத்திரமாக வைத்தாள். அம்மா போனபிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை அவன்.

முதல் சுற்றில் முதலாளி விழுந்தார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பத்தே நிமிடத்தில் கடையிலிருந்து போன் வந்தது. முதலாளி படியில் உருண்டு கால் உடைந்துவிட்டதாம். சிரித்ததற்கு அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

இரண்டாம் சுற்றில் குதிரை விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கணவன் கையில் கட்டோடு வந்தான். தெருமுனையில் வண்டி சறுக்கிவிட்டது, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். அப்போதுதான் அந்த வாடை மூக்கில் ஏறியது. பல வருஷம் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அந்த ஈரக் கல்லின் வாடை. கம்ப்யூட்டரிலிருந்து வந்தது.

மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

மூன்றாம் சுற்று தானாகவே திறந்துகொண்டது.

இருட்டுக் கோட்டையின் குறுகலான படிக்கட்டு. அதன் உச்சியில் முகமில்லாத ஒரு கறுப்பு அரசன். கீழே, படையை விட்டுப் பிரிந்து, தன்னந்தனியாக வால். அணைத்தால் தோல்வி, ஆடித்தான் காப்பாற்றியாக வேண்டும். அவள் நகர்த்திவிட்டு 'முறை முடிந்தது' என்ற பொத்தானை அழுத்துவாள். அழுத்தினால்தான் எதிரி நகர முடியும். ஒவ்வொரு முறைக்கும் அரசன் ஒரு படி இறங்கினான். மற்ற வீரர்கள் யாரும் எட்டுகிற தூரத்தில் இல்லை. இருவருக்கும் இடையே ஒரே ஒரு படி மிச்சமிருந்தபோது போன் அடித்தது. பயந்தால் தம்பி அவளைத்தான் கூப்பிடுவான்.

"அக்கா..." என்றான் தம்பி. "லிஃப்ட் பெட்டி மேல நிக்கிறேன். கரண்ட்ட நிறுத்திட்டுதான் ஏறினேன். ஆனாலும் இறங்குது."

"எப்படி இறங்குது?"

"ஒரு அடி இறங்குது, நிக்குது. மறுபடி ஒரு அடி. யாரோ சொல்லிச் சொல்லி இறக்குற மாதிரி."

அவள் விரல் பொத்தானின் மேலேயே இருந்தது.

எடுத்தாள்.

"இப்ப?"

"நின்னுடுச்சுக்கா."

"மெதுவா வெளிய வா. இனி அது இறங்காது."

அவன் பூட்ஸ் தரையில் பதியும் சத்தம் கேட்டதும் அவள் விம்மி விம்மி அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. பெயர்ப் பெட்டியைத் திறந்து 'வால்' என்பதை அழித்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக, நிதானமாகத் திரும்பி வந்தன. அடியில், பாத்திரங்கள் பேசும் கட்டத்தில், ஒரு சொல்.

'கொடு.'

"முடியாது," என்றாள், ஆளைப் பார்த்துச் சொல்வதுபோல. "அவன் கால் நகம்கூட உனக்குக் கிடையாது."

உள்ளறையிலிருந்து எழுந்து வந்த கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எதற்கெடுத்தாலும் கிண்டல் செய்கிறவன், தன் கைக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாளே, கரண்ட் போனாலும் தாங்குகிற யுபிஎஸ் ஒன்றை வாங்கி வந்து மாட்டினான். அவள் மவுஸைப் பிடுங்கி பீரோவில் பூட்டினாள்.

ஏழு மாதம் ஆயிற்று. அவள் அந்தப் பொத்தானை அழுத்தவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், அந்தத் திரைக்கு எதிரிலேயே சாப்பிட்டாள். தம்பி லிஃப்ட்டில் ஏறினான், இறங்கினான், வாலாட்டத்தில் ஒரு குறைச்சலும் இல்லை.

போன வாரம் சாயங்காலம் தெரு முழுக்கக் கரண்ட் போனது. நாற்பது நிமிடம் கூவிவிட்டு யுபிஎஸ் அடங்கியது. அவள் தம்பிக்குப் போன் போட்டு, தரையில் நில், எதிலும் ஏறாதே என்றாள். கம்ப்யூட்டரின் விசிறி சுழன்று, தளர்ந்து, நின்றது.

திரை அணையவில்லை.

இருட்டு வீட்டில் அது மட்டும் எரிந்தது. கட்டத்தில் எழுத்துகள் வந்தன.

'முறையை முடி.'

அவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு அவளுக்குப் புரிந்தது. ஆட்டம் அணைந்துபோகட்டும் என்று அது விட்டிருந்தால் இந்நேரம் ஜெயித்திருக்கும். அப்படி ஜெயிக்க அதற்கு மனமில்லை. அவள் கையாலேயே கொடுக்க வேண்டுமாம்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக் கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

"உனக்குத்தான் அவசரம்," என்றாள். "எனக்கு இல்ல. இனி இத எரிய வைக்கிறதும் உன் பாடு."

எழுந்து போய், கம்ப்யூட்டரின் பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டாள். திரை இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.