அலிங் தெசாங் ஏறாத படகு

மதியம் இரண்டு மணிக்கு அலிங் தெசாங்கின் சாவு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். வயதான அம்மாக்களை எங்கள் ஊரில் 'அலிங்' என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம். வாசலில் சவத்துக்குக் காவலிருந்து சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். டிவியில் வருகிற முகம் அல்லவா! உள்ளே வெள்ளம் வடிந்த சேற்று வாடையும் மெழுகு உருகும் வாடையும் கலந்து அடித்தன.

மகள் மரிவிக் காப்பியும் பிஸ்கட்டும் கொண்டுவந்தாள்.

"கடைசி வரைக்கும் எங்கம்மாகூட இருந்தது நீங்கதான், சார் எல்மர். அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்."

காப்பியை அப்படியே கீழே வைத்தேன்.

நடந்தது இதுதான். கூரைமேல் தவித்த அலிங் தெசாங்கை ஏற்றிக்கொள்ள மீட்புப் படகு வந்தது. எங்கள் நேரலைக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. காலிக் கூரையைக் காட்டி நான் என்ன பேசுவது? "கொஞ்சம் பொறுங்க, அலிங் தெசாங். லைவ்ல ஏறினா நாடே பாக்கும்" என்று எங்கள் படகிலிருந்து கத்தினேன். என் முகம் தெரிந்தவர்தானே, சிரித்தபடி உட்கார்ந்துவிட்டார். மீட்புப் படகு பக்கத்துக் கூரைக்குப் போனது. இரண்டாவது நிமிடத்தில் கூரையோடு அவரும் வெள்ளத்தில் போய்விட்டார்.

கேமராமேன் போங் எல்லாவற்றையும் எடுத்திருந்தான். என் குரலை மட்டும் வெட்டிவிட்டு ஒளிபரப்பினோம். இருபத்திரண்டு வருடம் நிருபராக மழையிலும் வெயிலிலும் நின்ற எனக்கு அந்தக் காட்சிதான் மாலைச் செய்தி வாசிக்கும் நாற்காலியை வாங்கிக் கொடுத்தது. சாவு வீட்டுக்குப் போன அன்றுதான் அந்த நாற்காலியில் முதல் நாள்.

மரிவிக்கிடம் உண்மையைச் சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லவில்லை. நான் கோழை.

"நேரா போயிடாதீங்க சார்" என்றாள், கிளம்பும்போது. "வழியில எங்கயாவது நின்னுட்டுப் போங்க. இல்லேன்னா அம்மா கூடவே வந்துடுவாங்க."

சாவு வீட்டிலிருந்து திரும்பும்போது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஒரு ரொட்டிக்கடையிலாவது ஐந்து நிமிடம் நிற்போம். போங் கடையைப் பார்த்து வண்டியை மெதுவாக்கினான்.

"நேரமில்லடா, ஸ்டூடியோவுக்கு விடு" என்றேன்.

இறங்கும்போது அவன் பின்சீட்டைத் தொட்டுப் பார்த்தான்.

"சார், இது ஏன் இப்படி நனைஞ்சிருக்கு?"

மாலை ஆறரை. விளக்குகள் எரிந்தன. ஏசி குளிரில் சேற்று வாடை வந்தது.

காதுக்கருவியில் தயாரிப்பாளர் எண்ணி முடித்தார். அடுத்து வந்தது வேறு குரல்.

"சார், இப்ப ஏறலாமா?"

முதல் செய்தியை வாசித்தேன்.

"தண்ணி வருது, சார். இப்ப ஏறலாமா?"

கையிலிருந்த தாளைக் கீழே வைத்தேன். படகு வந்ததையும், பொறுக்கச் சொன்னதையும், குரலை வெட்டியதையும் கேமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் அழுதேன். விளம்பரம் போடக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

"அந்தப் பொண்ணு லைன்ல இருக்கா" என்றார் தயாரிப்பாளர், மெல்ல.

காதுக்கருவியில் மரிவிக்கின் குரல் வந்தது.

"எல்லாம் கேட்டேன்" என்றாள். "சார், அம்மா உங்க பின்னாடி நிக்கிறாங்க. டிவில தெரியுது. இங்க எல்லாரும் பாக்குறோம்."

திரும்பினேன்.

வெறும் நீலச் சுவர்.

"உங்க பேச்சக் கேட்டுத்தானே உக்காந்தாங்க? நீங்களே போகச் சொல்லுங்க."

"அலிங் தெசாங், போதும், போங்க" என்று சுவரைப் பார்த்துக் கெஞ்சினேன். "உங்க பொண்ணுகிட்டப் போங்க."

காதில் மரிவிக் சொன்னாள்.

"மாட்டேன்னு தலையாட்டுறாங்க, சார்."