எருமைக் கொம்பின் உறை

"பொலிசைக் கூப்பிடுங்கோ ஐயா" என்றாள் றஜனி.

எது தொலைந்தாலும் அந்தச் சொல்லை மட்டும் வாயில் எடுக்கக்கூடாது என்று மேசையில் இருந்து அறைச் சாவி கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். காரணம் கூடத்துச் சுவரில் தொங்கியது. இணுவிலில் உள்ள தன் விருந்தினர் விடுதியை முதலாளி சீவரத்தினம் மண்டையோடுகளால் அலங்கரித்திருந்தார். ஓர் எருமை, ஒரு முதலை, கிளைக்கொம்போடு ஒரு மான். மானுக்கும் முதலைக்கும் அனுமதிக் கடதாசி கிடையாது.

நேரம் 11.20. ஐந்தாம் அறையில் தங்கியிருந்த கனடாக்காரி அருந்ததியின் அட்டியலும் சிமிக்கியும் 9.45க்கும் 10.05க்கும் இடையில், அவள் குளித்துக்கொண்டிருந்தபோது காணாமற் போயின. அப்போது கூடத்தில் நின்றவர்கள் இருவர். ஒருவர் முதலாளியின் மருமகனும் முகாமையாளருமான சிவரூபன். மற்றவர் தரை கூட்டித் துடைக்கும் மக்டலீன், றஜனியின் தாய்.

சிவரூபனின் அறை, மோட்டார் சைக்கிள், சட்டைப்பை எல்லாவற்றையும் அவனாகவே திறந்து காட்டினான். மக்டலீனின் பையை மட்டும் சற்று முன் எல்லாருக்கும் முன்னால் தரையில் கொட்டினார்கள். சோற்றுப் பொதி, செபமாலை, பிரஷருக்கு விழுங்கும் குளிசை.

"பின்னேரத்துக்குள்ளை சாமான் வரவேணும்" என்று சீவரத்தினம் மக்டலீனைக் காட்டி றஜனியிடம் சொன்னார். "இல்லாட்டி கொம்மா இனி இந்தப் பக்கம் ஒரு வீட்டுப் படியும் மிதிக்க ஏலாது."

"நீ சும்மா இரு பிள்ளை" என்றாள் மக்டலீன், குளிசைகளைப் பொறுக்கியபடி.

றஜனி சும்மா இருக்கவில்லை. சிவரூபன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, அந்த நேரம் எங்கை நிண்டனீங்கள்?"

"ஏணியிலை. மான் கொம்பு ஆடிச்சுது, ஸ்குரூ இறுக்கினன். மேலை நிண்டபடியா எல்லாம் தெரிஞ்சுது. கொம்மா அஞ்சாம் அறைக்குள்ளை போனதும் தெரிஞ்சுது."

"எத்தினை ஸ்குரூ?"

"கொம்புக்கு ஒண்டு. என்ன, விலங்கியல் சோதினையோ? பட்டம் எடுத்துப்போட்டு அறைத் திறப்புக் குடுக்கிற ஆளுக்கு வாய் மட்டும் குறைவில்லை."

"ஓம், சோதினைதான்."

அவள் அருந்ததியிடம் போனாள். "அக்கா, காலமை எருமைக்குக் கீழை நிண்டு எடுத்த படத்தைக் காட்டுங்கோ."

படத்தில் எருமைக் கொம்புகளின் நுனிகள் பின்னால் வளைந்து சுவரைத் தொட்டன. இப்போது இரண்டும் கூடத்தைக் குத்துவதுபோல முன்னால் நீண்டு நின்றன. எல்லாரும் தரையில் கிடந்த பையைப் பார்த்ததில் சுவரை ஒருவரும் பார்க்கவில்லை.

"ஏறிப் பாருங்கோ ஐயா, மானிலை ஸ்குரூவே இல்லை. மான் கொம்பு எலும்பு, மண்டையோட்டிலையே முளைக்கிறது. அது ஆடாது. எருமைக் கொம்பு அப்பிடியில்லை. உள்ளை நீளம் குறைஞ்ச எலும்பு, மேலை நகம் மாதிரி ஒரு உறை. காய்ஞ்சால் உறை கழரும், அதுதான் ஸ்குரூ போடுறது. உறைக்குள்ளை எலும்பு எட்டாத இடம் வெறும் பொந்து."

சிவரூபன் சிரிக்க முயன்றான். "அதைக் கொம்மாவும் கழட்டியிருக்கலாமே?"

"அம்மாவின்ரை கையிலை இருந்தது கூட்டுற தும்புத்தடி. உங்கடை கையிலை ஸ்குரூ டிரைவர், நீங்களே சொன்னது. இந்தச் சுவரிலை ஸ்குரூ உள்ள கொம்பு எருமையின்ரை ரண்டும்தான். ரண்டையும் கழட்டினீங்கள், அவசரத்திலை இடம் வலம் மாத்திப் பூட்டிப்போட்டீங்கள்."

ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி ஸ்குரூவைக் கழற்றினாள். முதல் உறை கையோடு வந்தது. அதைக் கவிழ்த்தபோது அட்டியல் வழுகி விழுந்தது. மற்றதில் சிமிக்கி.

சிவரூபன் கதிரையில் உட்கார்ந்துவிட்டான். அருந்ததி நகையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு மக்டலீனைப் பார்க்க முடியாமல் நின்றாள்.

சீவரத்தினம் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, வீட்டு விசயம், வெளியிலை போகவேண்டாம். முகாமையாளர் வேலையை நீ எடு. கொம்மாவும் நாளைக்கு வழமைபோல வரட்டும்."

"மேசையிலை திறப்புக் கோர்வைக்குக் கீழை ஒரு கடிதம் கிடக்கு. வாசியுங்கோ" என்ற றஜனி தாயின் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

இரண்டே வரிகள். வேலையை விட்டு விலகுகிறேன், அம்மாவும்தான். கீழே கையெழுத்து, திகதி, நேரம் 11.10. மக்டலீனின் பையைக் கொட்டிய நேரம். சீவரத்தினம் வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றியபோது தாயும் மகளும் வாசல் படலையைத் தாண்டிவிட்டார்கள்.