எல்லோருமாகச் சொன்ன உள்ளேன்

“சமையல் முடிஞ்சுதா இல்லையா? மணி என்ன ஆகுதுன்னு தெரியுமா உனக்கு?”

மாடிப்படியில் நின்றபடியே ஆபீசர் குரல் கொடுத்தாள். வீட்டில் மட்டுமல்ல, பழைய தோழிகளும் அவளை ஆபீசர் என்றுதான் சொல்வார்கள். நிலப்பதிவு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு, அதட்டலை மட்டும் கையோடு எடுத்து வந்திருந்தாள். கணவர் காலமான பிறகு அண்ணன் வீட்டு மாடியறைக்குக் குடிவந்தாள். அடுப்படியில் நின்றிருந்தவள் அந்த அண்ணனின் மனைவி.

“முடிஞ்சிருச்சுங்க. சோறு மட்டும் இறக்கணும்.”

“இறக்கி வச்சிட்டுக் கிளம்பு. உன் பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு, இருட்டினப்புறம் வந்தாப் போதும்.”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“இன்னிக்கா...? ஆளுங்க வர்றாங்களே. பரிமாற வேணாமா?”

“நாங்களே எடுத்துப் போட்டுக்குவோம். எங்களுக்குக் கையில்லையா?”

வருவது யாரென்று அவளுக்குத் தெரியும். ஆபீசருடன் பள்ளியில் படித்தவர்கள். கொஞ்ச காலமாகப் போனில் குழு வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். மாடியறையின் கதவு சாத்தியிருந்தாலும் சிரிப்புச் சத்தம் கீழே வரைக்கும் கேட்கும். இன்றைக்கு முதல் தடவையாக நேரில் வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் விடிவதற்கு முன்பிருந்தே அவள் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“அவங்க... என் கூடவும் படிச்சவங்கதானே,” என்றாள் மெதுவாக.

ஆபீசர் இரண்டு படி இறங்கி வந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

“உன்னை யாருக்கும் ஞாபகம் இல்லை. நான் பேச்சுவாக்குல கேட்டுப் பார்த்தேன். நீ போய் நின்னு, அவங்க ‘இது யாரு’ன்னு கேட்டா உனக்குத்தானே அசிங்கம்? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

முன்னறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த கணவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார். “தங்கச்சி சொல்றது சரிதானே? எல்லாம் பெரிய வேலையில இருந்தவங்க. நீ நடுவுல உட்கார்ந்து என்னத்தப் பேசப் போற?”

அவர் கண்ணாடிக் கடைக்காரர். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்து அனுப்புகிறவர். சொந்த வீட்டுக்குள் நடப்பதைப் பார்க்கத்தான் அவர் கடையில் கண்ணாடி இல்லை.

“சரிங்க,” என்றாள். வேறென்ன சொல்வாள்? அந்த வீட்டில் அவள் அதிகமாகச் சொன்ன சொல் அதுதான்.

பள்ளியில் அவளும் ஆபீசரும் ஒரே பெஞ்சு. சேர்ந்து வருவார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள், சேர்ந்தே திட்டு வாங்குவார்கள். கடைசித் தேர்வு முடிந்து இருவருக்கும் கல்லூரியில் இடம் கிடைத்தது. அந்த நேரம் பார்த்து ஆபீசரின் அம்மாவுக்கு ஒரு பக்கம் கை, கால் விழுந்துவிட்டது. படிப்பை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கும்படி ஆபீசரிடம் சொல்லிவிட்டார் அவள் அப்பா. சிநேகிதி ஓடி வந்து இவள் மடியில் விழுந்து அழுதாள். “நீ எங்க அண்ணனைக் கட்டிக்கிட்டு வந்துடுடி... அம்மாவை நீ பார்த்துக்குவே, நான் படிச்சிடுவேன். நாம ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் ஒரே வீட்டுல இருக்கலாம்டி...!”

பதினேழு வயதுப் பெண்ணுக்கு அது தியாகமாகவா தெரிந்தது? பெரிய விளையாட்டாகத் தெரிந்தது. தலையாட்டிவிட்டாள்.

தோழிகளைக்கூட அழைக்காமல் அவசரமாகக் கல்யாணம் முடிந்தது. அந்தக் கையோடு, கடை வைப்பதற்காகக் குடும்பம் வேறு ஊருக்கு வந்துவிட்டது. பள்ளித் தோழிகளின் தொடர்பு அறுந்தது. சிநேகிதி விடுதிக்குப் போனாள். இவள் மாமியாரைப் புரட்டிப் படுக்க வைத்தாள், குளிப்பாட்டினாள், ஊட்டினாள். படுத்த படுக்கையாக இருந்தாலும் மாமியாருக்கு வாய் நன்றாகத்தான் வேலை செய்தது. “அவ படிக்கிற பொண்ணு. வாடி போடிங்கிற வேலையெல்லாம் வச்சிக்காதே,” என்று ஒருநாள் அதட்டல் விழுந்தது. அன்றைக்கு வாயில் வந்த ‘நீங்க’ அப்படியே தங்கிவிட்டது.

பேருந்து நிறுத்தத்தில் அவள் மட்டும்தான் நின்றிருந்தாள். மனதில் வருத்தம் இருக்கிறதா என்று தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப் போயிருக்குமே, அப்படி இருந்தது. தொட்டால் தெரிகிறது, வலிக்கத்தான் இல்லை.

ஒரு வேன் வந்து நின்றது. ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு தலை நீண்டது.

“ஏம்மா, இங்க கண்ணாடிக் கடைக்காரர் வீடு எதும்மா? அவரு தங்கச்சி பதிவு ஆபீசுல இருந்தவங்க.”

அந்த இடது புருவத்தில் நடுவே ஒரு வெட்டு. ஊஞ்சலிலிருந்து விழுந்து புருவத்தைக் கிழித்துக்கொண்ட வகுப்புத் தலைவி. லீடர் என்றே பெயர். முடி முழுக்க வெளுத்திருந்தது, புருவம் அப்படியே இருந்தது. லீடரும் இவளை நேருக்கு நேராகப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

ஆபீசர் சொன்னது உண்மைதான். யாருக்கும் ஞாபகம் இல்லை.

“நேராப் போய், ரெண்டு சந்து திரும்பணும்... சொன்னாக் குழம்பிடுவீங்க,” என்றாள்.

“அப்ப ஏறிக் காட்டிடுங்களேன். திரும்ப இங்கேயே கொண்டாந்து விட்டுடறோம், புண்ணியமாப் போகும்!”

ஏறிக்கொண்டாள். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை. முதுகுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சந்தை இரைச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அடியே, சும்மா இருங்கடி!” என்றாள் லீடர். “வீடு வர்றதுக்குள்ள ஆஜர் எடுத்துடறேன். ஊசி!”

“உள்ளேன் டீச்சர்!” ஊசி அந்தக் காலத்தில் அத்தனை ஒல்லி. இப்போது தையல் கடை வைத்திருக்கிறாளாம். ஒன்றரை ஆள் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“கணக்குப் புலி!”

“உள்ளேன் டீச்சர்!”

“பூனை!”

இதற்குத் தனிக் குரல் வரவில்லை. வேனில் இருந்த அத்தனை பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். “உள்ளேன் டீச்சர்!”

ஓட்டுநர் திடுக்கிட்டுக் கண்ணாடியில் பார்த்தார். லீடர் சிரித்தாள். “எங்க பழக்கம் தம்பி இது. போய்ச் சேர்ந்தவங்க பேர் வந்தா எல்லாரும் சேர்ந்து சொல்லுவோம். போனுல பேசினாலும் முதல்ல இதுதான். செத்துப் போயிட்டான்னு பேரை அடிச்சிட முடியுமா?” அடுத்த பெயரைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “ரேடியோ!”

“உள்ளேன் டீச்சர்!”

அத்தனை குரலும் சேர்ந்து சொன்னது. முன்னதைவிட உரக்கச் சொன்னது.

“மத்தவங்களுக்குச் சொல்றப்பத் தெரியல,” என்றாள் ஊசி. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “இவளுக்குச் சொல்றப்பத்தான் அழுகை வந்துடுது. மழைக்கு மாட்டிக்கிட்டோமே, ஞாபகம் இருக்கா? மேசை மேல ஏறி நின்னு செய்தி வாசிச்சாளே... எந்த டீச்சர் எப்படித் தும்முவாங்க, எந்த டீச்சருக்கு எங்க புடவை கிழிஞ்சிருக்குன்னு...! பின்னாடி ஹெட்மிஸ்ட்ரஸ் நிக்கிறாங்க, இவ நிறுத்தவே இல்ல!”

“அவங்களையும் சேர்த்து வாசிச்சாளே! அவங்களே சிரிச்சுட்டாங்க.”

“வாய் ஓயாதுடி அவளுக்கு. பிரசவத்துல போயிட்டாளாம், பாவி. ஆபீசர் போனுல சொல்லிட்டு அழுத அழுகை இருக்கே...”

“இடதா, வலதாம்மா?” என்று ஓட்டுநர் கேட்டார்.

“இடது,” என்றாள். தெளிவாகத்தான் சொன்னாள்.

அவள்தான் ரேடியோ. பின்னால் உட்கார்ந்து அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வது அவளுக்காகத்தான். திரும்பி, ‘நான் இருக்கேன்டி’ என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டும் என்று தெரிந்தது, வாய்தான் திறக்கவில்லை. கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கிளம்பும்போது அடுப்பை அணைத்தோமா என்று ஒரு யோசனைதான் வந்தது.

வாசலில் வாயெல்லாம் பல்லாக நின்ற ஆபீசர், வேனிலிருந்து முதலில் இறங்கியவளைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டாள்.

“இவங்கதான் வழி காட்டினாங்க,” என்றாள் லீடர். “உனக்குத் தெரிஞ்சவங்களா?”

“ம்... நம்ம வீட்டுல... சமையலுக்கு உதவியா இருக்கிறவங்க.”

இத்தனை வருஷத்தில் ஆபீசர் அவளுக்கு ‘ங்க’ போட்டது அதுதான் முதல் தடவை.

“ஆமாங்க,” என்றாள் அவளும். பக்கவாட்டு வழியாக அடுப்படிக்குப் போனாள். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். நல்லதாகப் போயிற்று என்று தட்டுகளைத் துடைத்து எடுத்து வந்தாள்.

பரிமாறினாள். கறி நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆபீசரின் தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. அவள் இவளைக் கண்ணாலேயே கெஞ்சினாள். இவள் அவளுக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தாள்.

அப்போதுதான் கடைக்குப் போயிருந்த கணவர் உள்ளே வந்தார். விஷயம் ஒன்றும் தெரியாத மனிதர். தங்கை சொன்ன பொய்யும் அவருக்குத் தெரியாது.

“அட, நீ போகலையா?” என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார். “அதுவும் நல்லதுதான். கூடப் படிச்சவங்களைப் பார்த்தாச்சா?” விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். “இவளும் உங்க வகுப்புத்தானே! உங்களுக்கு ஞாபகம் இருக்காதுன்னு தங்கச்சி சொன்னா.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன.

“யாரு... இவங்களா?” என்றாள் லீடர்.

“ஆமாம்மா. என் சம்சாரம்.”

ஊசி எழுந்தாள். அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தாள். சோற்றுக் கையாலேயே அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். மறுகையால் அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். உற்றுப் பார்த்தாள்.

“ரேடியோ...? அடியே... ரேடியோவா?!”

“ம்,” என்றாள்.

அதற்குப் பிறகு அந்த அறையில் யார் என்ன பேசினார்கள் என்று யாருக்குத் தெரியும்! ஆளாளுக்குக் கட்டிப்பிடித்தார்கள். அழுதார்கள், அடித்தார்கள், கையைக் கிள்ளிப் பார்த்தார்கள். அத்தனை பேர் நடுவிலும் அவள் மட்டும் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். சேலையெல்லாம் கறிக் கறை, உடனே நனைத்து வைக்காவிட்டால் போகாது என்று நினைத்துக்கொண்டாள்.

லீடர் ஆபீசர் பக்கம் திரும்பினாள். “உயிரோட இருக்கிறவளுக்காடி எங்களை உள்ளேன் சொல்ல வச்சே? அவ கையாலயே சோறு பொங்க வச்சு, எங்களுக்கே போட வச்சியேடி! நீயெல்லாம் மனுஷியா?”

ஆபீசர் உடைந்துவிட்டாள். ஒரு ஆபீசையே நடுங்க வைத்தவள், தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

“நான் என்ன சொல்வேன்... என்ன சொல்வேன்! முதல் நாள் போன் பண்ணினப்ப நீங்க எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, ‘ரேடியோ எப்படி இருக்கா?’ கீழே அவ பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேக்குது எனக்கு. எங்க அம்மாவைப் பார்த்துக்கத்தான் அவ படிப்பை விட்டுட்டு இங்க வந்தா. நான்தான் கால்ல விழாத குறையாக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். என்னைவிட அவளுக்குத்தான் மார்க்கு அதிகம்... நான் ஆபீசர் ஆயிட்டேன், அவ இப்படி ஆயிட்டான்னு எந்த வாயால சொல்றது? செத்துட்டான்னு வந்துடுச்சு... நீங்க எல்லாரும் அழுதீங்க. அப்புறம் அதைத் திருப்பி எடுக்க முடியல...!”

கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “உனக்குக் காலேஜ்ல இடம் கிடைச்சுதா? படிப்பு ஏறலைன்னுல்ல நினைச்சிட்டு இருந்தேன்... எனக்கு யாரும் சொல்லலையே!”

“நீங்க கேக்கலையே,” என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தோழிகள் ஆபீசரைச் சூழ்ந்துகொண்டு திட்டினார்கள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவள் சொன்னாள். “விடுங்கடி. அவ சொன்னதுல பெரிய பொய் ஒண்ணும் இல்ல.”

திட்டிக்கொண்டிருந்தவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள்.

“பேசுடி,” என்றாள் ஊசி, அவள் தோளை உலுக்கி. “எதையாவது பேசு. திட்டு. இவளை நாலு வார்த்தை நல்லாக் கேளு!”

அவள் வாயைத் திறந்து பார்த்தாள். “என்ன பேசறதுன்னு தெரியல. பழக்கம் விட்டுப்போச்சு.”

ஊசிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. “கிளம்பு. இப்பவே கிளம்பு. என் தையல் கடை மாடியில ஒரு ரூம் சும்மாக் கிடக்கு. எத்தனை நாளைக்குன்னு நான் கேக்க மாட்டேன். ஒரு துணி நீ துவைக்கக் கூடாது, ஒரு தட்டு நீ கழுவக் கூடாது.”

அவள் ‘சரிங்க’ என்று சொல்லவில்லை. கணவர் முகத்தைப் பார்க்கவில்லை. யோசித்தாள். அவளாகவே யோசித்து, “வரேன்,” என்றாள்.

இரண்டு சேலை, மாத்திரை டப்பா, சீப்பு. மூட்டை கட்ட அவ்வளவுதான் இருந்தது. கணவர் பின்னாலேயே வந்தார்.

“நானும் கொஞ்சம்... முன்னாடியே கேட்டிருக்கணும்,” என்றார் தட்டுத் தடுமாறி. “எப்ப வருவே?”

“தெரியலங்க.”

“நான் வந்து கூப்பிடட்டுமா?”

“வாங்க. வந்து பேசிட்டுப் போங்க. கூப்பிட வேணாம்.”

வாசலில் ஆபீசர் அவளைக் கட்டிக்கொண்டாள். தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவள் கை தானாக எழுந்து அந்த முதுகைத் தட்டிக் கொடுத்தது. வருஷக்கணக்கில் ஒரு நோயாளியைத் தட்டிக் கொடுத்த கை. அதற்கு இது பழகிய வேலை.

“என்னை மன்னிச்சிட்டியாடி? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடி... மன்னிச்சிட்டியா?”

அவள் தனக்குள்ளே தேடினாள். இந்தத் தடவை பொறுமையாக, ஒவ்வொரு மூலையாகத் தேடினாள். வேனில் எல்லோரும் ஏறிவிட்டார்கள். அவளை அவசரப்படுத்த ஒருவரும் இல்லை.

“உள்ளே இன்னும் ஒண்ணும் வரலடி,” என்றாள் கடைசியில். “கோபம் முதல்ல வருமோ, மன்னிப்பு முதல்ல வருமோ, தெரியல. எது வந்தாலும் உனக்குத்தான் முதல்ல போன் பண்றேன்.”

ஆபீசரின் கையை மெல்ல எடுத்துவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள்.