லுங்மர் புல்வெளியில் ஒரு பிணம்

பிணம் கவிழ்ந்து கிடந்தது.

அதில் யாருக்கும் சண்டை இல்லை.

எந்த நாட்டில் கிடக்கிறது... அதில்தான் சண்டை!

மேட்டில் நின்று பைனாகுலரில் பார்த்த எஸ்.ஐ. புன்சோக் பெருமூச்சு விட்டார். அந்த உயரத்தில் பெருமூச்சுக்குக்கூடக் காற்றுக் கடன் வாங்கவேண்டும்.

கீழே புல்வெளி. அதன் நடுவே எங்கோ ஒரு எல்லைக் கோடு. இந்தப் பக்கம் வரைந்தது ஒன்று, அந்தப் பக்கம் வரைந்தது ஒன்று. பிணம் இரண்டுக்கும் இடையில்.

"கிட்டப் போய்ப் பார்த்துடலாமா ஐயா?" என்றான் டிரைவர் கான்ஸ்டபிள் குன்சாங்.

"போய்த் தொட்டா, கொன்னது நாமன்னு அவங்க சொல்லுவாங்க. அவங்க தொட்டா நாம சொல்லுவோம். அதான் ரெண்டு ராணுவமும் ரோந்தை நிறுத்திட்டு ஒதுங்கி நிக்குது."

"கழுகுகூட இறங்கலையே ஐயா..."

"அதுக்கும் மேலிடத்து உத்தரவு வரலையோ என்னவோ!"

புன்சோக்குக்கு லுங்மர் என்றாலே முழங்கால் வலிக்கும். போன வருஷம் இதே மேட்டில் காற்று அவருடைய போலீஸ் தொப்பியைப் பறித்து அந்தப் பக்கம் கொண்டுபோனது. இரண்டு தரப்பு அதிகாரிகளும் கூடாரம் போட்டு, மேஜை போட்டு, அதைப் பற்றிப் பேசினார்கள். பேச்சு சுமுகமாக முடிந்தது. தொப்பி வரவில்லை.

இடுப்பில் வயர்லெஸ் கரகரத்தது. மேலதிகாரி!

"புன்சோக்! நாளைக்கு ரெண்டு பக்கமும் உட்கார்ந்து பேசறோம். அது யார் பிணம்னு இன்னைக்கே தெரியணும்!"

"ஊர்க்காரன் ஐயா. தோந்துப். ஆடு மேய்க்கிறவன். போட்டிருக்கிற கோட்டைப் பார்த்துப் பொண்டாட்டி அடையாளம் காட்டிட்டாளாம்."

"இந்த 'ளாம்' கதையெல்லாம் வேண்டாம்! கொன்னது யாரு? அதைச் சொல்லு!"

 

மலை இறங்கி ஊருக்குள் போனார்கள்.

சாவு வீட்டில் புகை மூட்டம். ஊர்ச் சோசியர் இஷே ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். அடுப்போரம் தோந்துப்பின் மனைவி தேச்சென், தலைகுனிந்து...

"ஜூலே, ஐயா..." என்று கும்பிட்டாள். "குளிர்ல வந்திருக்கீங்க. டீ குடிங்க."

வெண்ணெய் மிதக்கும் உப்பு டீ. புன்சோக் குடித்தார். கிண்ணம் காலியாகும் முன் தேச்சென் நிரப்பினாள். மறுபடி குடித்தார். மறுபடி நிரப்பினாள்.

"புருஷனுக்குப் பகையாளி யாராவது உண்டாம்மா?"

"அவருக்குப் பகை அவர் வாய்தான் ஐயா..." மூக்கை உறிஞ்சினாள். துருத்தியை அமுக்கினாள். சாணி வறட்டி பொறி பறக்க எரிந்தது.

புன்சோக் கிண்ணத்தை உதட்டருகே கொண்டுபோனார்.

கை பாதியில் நின்றது!

துருத்தி... இவள் கையிலா?

சாவு வீட்டில் அடுப்புப் பக்கம் வீட்டுக்காரர்கள் தலை வைத்துப் படுக்கமாட்டார்கள். ஒரே குலசாமியைக் கும்பிடும் பங்காளிகள்தான் வந்து சமைப்பார்கள், ஊற்றுவார்கள், பிணத்தைத் தொடுவார்கள். லுங்மர் பிறந்த நாளிலிருந்து அப்படித்தான்.

"பெரியவரே," என்றார் புன்சோக் மெல்ல. "இந்த வீட்டுப் பங்காளிங்க எங்க?"

ஜெபமாலை நின்றது!

"அது... ஆடு மேய்க்க..."

"சாவை விட்டுட்டா? புளுகினாலும் பொருந்தப் புளுகணும்!"

சோசியர் தேச்சென் மேல் பாய்ந்தார். "அறிவிருக்கா உனக்கு? அடுப்பைத் தொடாதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே!"

"வீடு தேடி வந்தவருக்கு டீ குடுக்காம எப்படி மாமா இருக்கிறது? கை தானாப் போயிடுச்சு!"

அப்போது...

மூலையில் குவிந்திருந்த ஆட்டு ரோமம் தும்மியது!

குன்சாங் துள்ளிக் குதித்தான். ரோமத்தைக் கலைத்தால் உள்ளே தோந்துப். உயிரோடு. கையில் ஒரு கிண்ணம் டீயோடு.

"அப்போ புல்வெளியில கிடக்கிறது யாருடா?" என்று உறுமினார் புன்சோக்.

"என் பழைய கோட்டு ஐயா. உள்ளே ஒரு கட்டு பார்லி வைக்கோல்."

"எதுக்கு?"

"புல்லுக்கு! போன குளிர்ல அந்தப் புல்வெளிப் பக்கம் போகவே விடல. அவங்க துப்பாக்கியைக் காட்டினாங்க, நம்மாளுங்க விசிலை ஊதினாங்க. பாதி மந்தை பட்டினியில செத்துது. இப்ப பிணத்துக்குப் பயந்து ரெண்டு பேரும் ஒதுங்கிட்டாங்க. ஆட்டுக்கிட்ட யாரு விளக்கம் கேப்பாங்க? ஒரு கட்டு வைக்கோல் போட்டு ஒரு மலைப் புல்லை எடுக்கிறோம்!"

"உன்னை உள்ளே தள்ளுவாங்கடா!"

"தள்ளட்டும் ஐயா. அங்க மூணு வேளை சோறு. மந்தைக்கு யாரு போடுவா?"

புன்சோக்குக்கு ரொம்பக் களைப்பாக இருந்தது. கோபப்படக்கூட ஒரு தெம்பு வேண்டுமே!

"குன்சாங், வண்டியை எடு. பொம்மையை நாமே தூக்கிட்டு வந்து, இந்தக் கூத்தை முடிச்சிடலாம்."

தேச்சென் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்த முறை நிஜமாக.

தோந்துப், தேச்சென், சோசியர் மூவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்கு வந்து, புன்சோக் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார்.

எடுத்தார். துடைத்தார். மறுபடி வைத்தார்.

"தோந்துப்! எத்தனை பொம்மைடா போட்டே?"

"ஒண்ணுதான் ஐயா!"

"ரெண்டு கிடக்குதே!"

தோந்துப்பின் கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று, மல்லாந்து. கழுத்தில் வைக்கோல் எட்டிப் பார்த்தது. தலையில்...

"அடப்பாவிகளா! அது என் தொப்பி!"

அந்தப் பக்கச் சரிவிலிருந்து வேறொரு மந்தை, அவசரமே இல்லாமல், புல்லை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. எதிர் மேட்டில் வேறு நிறச் சீருடையில் ஒரு அதிகாரி, அவரும் பைனாகுலரோடு. பார்த்தால் அவருக்கும் முழங்கால் வலி போலத் தெரிந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

இருவரும் பைனாகுலரை இறக்கினார்கள்.

வயர்லெஸ் அலறியது. "புன்சோக்! யார் பிணம்?"

புன்சோக் தோந்துப்பைப் பார்த்தார். கீழே மேயும் ஆடுகளைப் பார்த்தார்.

"இப்ப ரெண்டு ஐயா! நம்மது ஒண்ணு, அவங்களது ஒண்ணு. ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கிட்டுச் செத்த மாதிரி இருக்கு. கணக்கு நேராயிடுச்சு."

மறுமுனையில் நிம்மதி மூச்சு கேட்டது. "அப்போ எடுத்துட வேண்டியதுதானே?"

"சோசியர் நேரம் குறிக்காம பிணத்தைத் தொட்டா ஊரே திரண்டுடும் ஐயா. அந்தப் பக்கமும் இதே வழக்கம்தான்."

"நல்ல நேரம் எப்போவாம்?"

புன்சோக் சோசியரைப் பார்த்தார். சோசியர் புல்லைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார்.

"புல் தீர்ந்ததும்..." என்று ஆரம்பித்தவரின் வாயைக் குன்சாங் பொத்தினான்.

"பனி விழுந்து மூடினப்புறமாம் ஐயா!" என்றார் புன்சோக் வயர்லெஸ்ஸில்.

"அப்போ நாளைக்கு நான் என்னய்யா பேசறது?"

"வழக்கம்போலத்தான் ஐயா. சுமுகமா."

வயர்லெஸ்ஸை அணைத்தார். "தோந்துப், பனி விழற வரைக்கும் நீ செத்தவன். வெளியே தலை காட்டினே, நானே கொன்னுடுவேன்!"

"அப்ப சாணி யாரு அள்றது?" என்றாள் தேச்சென்.

பைனாகுலரை வாங்கிப் பார்த்த குன்சாங் கத்தினான்.

"ஐயா! ஒரு ஆடு பிணத்தோட கழுத்துலேருந்து வைக்கோலை உருவுது! எந்த நாட்டு ஆடுன்னு தெரியலையே!"

"விடுய்யா," என்றார் புன்சோக், முழங்காலைத் தேய்த்தபடி. "சாட்சியத்தைத் தின்கிற ஆடு எல்லா நாட்டிலயும் உண்டு!"